குக்கரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்

குக்கரோ மிக்சியோ கெட்டிலோ வெடித்து வீட்டில் ஒருவருக்குக் காயம் பட்டிருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது: நீங்கள் வாங்கிய பொருள் தர விதிகளுக்கு உட்படாததால் திரும்பப் பெறப்படுகிறது, ஒப்படைத்துவிட்டு முழுத் தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்து நம் வீடுகளில் நடப்பது இதுதான். பொருளைப் பெட்டியில் போட்டு, வாங்க வந்த பையனிடம் கொடுத்துவிட்டு, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கணக்கில் ஏறியதும் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பெட்டிக்குள் போவது உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி. தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. திருச்சி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நுகர்வோர் மனுக்களை அடித்து அடித்து, எது நிற்கும், எது எங்கே சறுக்கும் என்று ஓரளவு தெரிந்துவைத்திருக்கிறேன். அந்த அளவில்தான் எழுதுகிறேன். காயம் பெரிது என்றால் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது நல்லது. செலவில்லாமல் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பொருளின் விலை வேறு, காயத்துக்கான இழப்பீடு வேறு

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஆறாவது அத்தியாயம், பிரிவு 82 முதல் 87 வரை, முழுக்க முழுக்கப் பொருளால் ஏற்படும் தீங்குக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியது. அங்கே "தீங்கு" என்று சொல்லப்படுவது உடல் காயம், நோய், மரணம், அதோடு வரும் மன வேதனை, வீட்டில் மற்ற பொருட்களுக்கு ஏற்பட்ட சேதம். பழுதான பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் சேராது என்று சட்டமே தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆக, குக்கரின் விலையைத் திருப்பித் தந்துவிட்டதாலேயே கை வெந்ததற்கான கணக்கு முடிந்துவிடாது. இரண்டும் இரண்டு வழக்கு மாதிரி.

திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது, சி.சி.பி.ஏ. என்பார்கள். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைக் கொடுக்கவும் பிரிவு 20-இன் கீழ் உத்தரவு போடலாம். குக்கர் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. வீட்டு உபயோக பிரஷர் குக்கர் எல்லாம் ஐ.எஸ். 2347 தரத்தில், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2021 பிப்ரவரி 1-இல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகும் முத்திரை இல்லாத குக்கர்கள் ஆன்லைனில் விற்றன. 2022 ஆகஸ்டில் அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும், பிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதமும் போட்டது ஆணையம். இரண்டு நிறுவனங்களும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அது அவர்கள் பாடு. நமக்கு இதில் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு: "நாங்கள் வெறும் மேடைதான், விற்றவர் வேறு ஆள்" என்ற பதிலை ஆணையம் ஏற்கவில்லை. விற்பனையில் கமிஷன் வாங்கிவிட்டுப் பிரச்சினை வந்ததும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றது.

சி.சி.பி.ஏ. உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தராது. அது எல்லா வாடிக்கையாளர்களுக்காகவும் சேர்த்து நடவடிக்கை எடுக்கும் அமைப்பு. உங்கள் காயத்துக்கு நீங்கள்தான் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் படியேற வேண்டும். ஆனால் சி.சி.பி.ஏ. உத்தரவின் நகலோ, கம்பெனி அனுப்பிய அந்தக் குறுஞ்செய்தியோ உங்கள் மனுவுக்குப் பலமான ஆவணம். "இந்தப் பொருள் சரியில்லை" என்று வெளியே ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இந்தக் காயம் அதனால்தான் வந்தது என்பதை மட்டும் நீங்கள் காட்டினால் போதும்.

பொருளை எப்படி வைத்துக்கொள்வது

லால்குடி பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வலது முன்கையிலும் கழுத்திலும் வெந்த தழும்பு. ஒரு பழைய துண்டில் சுற்றி, கட்டைப்பையில் குக்கரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பருப்பு காய்ந்து ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. "கழுவக்கூட மனசு வரலைம்மா, அப்படியே பரண்ல தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். அவர் கழுவாமல் விட்டதுதான் அந்த வழக்கைக் காப்பாற்றியது.

ஏன் என்றால், குக்கர் வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான்: "விசில் குழாயில் பருப்பு அடைத்திருக்கும், இவர்கள் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள்." நாங்கள் மூடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். வெயிட்டைக் கழற்றிவிட்டுக் குழாய் வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. குழாயில் அடைப்பு இல்லை. சேஃப்டி வால்வு உருகாமல் அப்படியே இருந்தது. ஆனால் மூடியின் விளிம்பில் பாத்திரத்தோடு பூட்டிக்கொள்ளும் இடம் ஒரு பக்கம் நெளிந்து வெளியே வந்திருந்தது. அந்தக் குழாய் வழியாகத் தெரியும் வெளிச்சத்தையும், நெளிந்த விளிம்பையும், அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மனுவோடு சேர்த்தோம்.

எனவே, கழுவாதீர்கள். சரிசெய்து பார்க்காதீர்கள். இன்னொரு தடவை அடுப்பில் வைத்துச் சோதிக்கவே கூடாது. மூடி, வெயிட், கேஸ்கட், தெறித்து விழுந்த துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, விபத்து நடந்த தேதியை எழுதி வையுங்கள். அட்டைப்பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கும், பின்னால் யார்மேல் வழக்குப் போடுவது என்று தேடும்போது அது கை கொடுக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதற்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். எண் போலி என்று தெரிந்தால் அந்தத் திரையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சென்டர் ஆள் வீட்டுக்கு வந்தால் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும். எடுத்துப் போக விடாதீர்கள். "ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்" என்றால், மாவட்ட ஆணையம் வழியாக அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். சட்டப்படியே அதற்கு வழி இருக்கிறது: ஆய்வு செய்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில், பிரிவு 38-இன் கீழ் ஆணையமே பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்கும். ஆய்வுக் கட்டணத்தை மனுதாரர் கட்ட வேண்டியிருக்கும்.

பொருளை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வழக்கு கடினம்தான், ஆனால் முடிந்துபோகவில்லை. பிக்கப் ரசீது, விபத்தன்று எடுத்த வாட்ஸ்அப் படங்கள், அடுப்படிச் சுவரும் கூரையும் இருந்த கோலம், ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரரின் வாக்குமூலம், எல்லாம் சேர்ந்து நிற்கும். கம்பெனிக்கு உடனே கடிதம் போட்டு, அந்தப் பொருளை அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி கேளுங்கள்.

மருத்துவமனையில் சொல்லும் முதல் வார்த்தை

அரசு மருத்துவமனைக்குப் போனால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்பது. காயம் எப்படி ஏற்பட்டது என்று டாக்டர் கேட்கும்போது "சமையல் பண்ணும்போது சுட்டுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டால் அதுதான் பதிவாகும். பிறகு எத்தனை பக்கத்துக்கு மனு அடித்தாலும் அந்த ஒரு வரி எதிரே வந்து நிற்கும். "குக்கர் மூடி தெறித்துக் காயம்" என்று, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வலியில் இருப்பவர் இதை யோசிக்க மாட்டார். கூடப் போகிறவர்தான் கவனிக்க வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம் சரியாக இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்புமுன் படித்துப் பாருங்கள். வெந்த பரப்பு எத்தனை சதவீதம், எந்த டிகிரி என்பதும் அதில் இருக்க வேண்டும்.

காயத்தை வாரம் ஒரு தடவை படம் எடுத்து வையுங்கள். தீக்காயம் ஆறும்போதுதான் தோல் இறுகி விரல் மடங்காமல் போவதெல்லாம் தெரியவரும். முதல் நாள் படத்தில் அது இருக்காது.

காவல் நிலையத்திலும் ஒரு புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். அலட்சியத்தால் மற்றவருக்குக் காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 125-இல் குற்றம். போலீஸ் வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட, தேதியோடு ஒரு பதிவு இருப்பது நமக்கு முக்கியம். உயிரிழப்பு நேர்ந்திருந்தால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் நகரவே முடியாது. வாரிசுகள் மனு போடலாம்.

யார் மேல் போடுவது

தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்ற கடைக்காரர், ஆன்லைன் தளம் என்று எல்லோரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுவதுதான் என் பழக்கம். யாரை விடுவிப்பது என்று ஆணையம் பார்த்துக்கொள்ளட்டும். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, எப்படிப் பயன்படுத்துவது என்ற எச்சரிக்கை சரியாக இல்லாதது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே பிரிவு 84-இல் தயாரிப்பாளர் மாட்டுவார். விற்பவர் எப்போது மாட்டுவார் என்பது பிரிவு 86-இல் இருக்கிறது: தயாரிப்பாளர் யார் என்றே தெரியவில்லை, அல்லது அவர் கையில் நோட்டீஸைச் சேர்ப்பிக்க முடியவில்லை என்றால் விற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். பெயர் தெரியாத பிராண்டு குக்கர்களுக்கு இது பெரிய உதவி.

குக்கரை மகன் ஆர்டர் போட்டான், வெந்தது அம்மாவுக்கு. அம்மா மனு போடலாமா? தாராளமாகப் போடலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஹோட்டலுக்காக வாங்கியது என்றால் கதை வேறு. வணிகப் பயன்பாடு என்று ஆட்சேபம் வரும், வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

எதிர்த்தரப்பு சொல்லப்போகும் இன்னொன்று: "டூப்ளிகேட் கேஸ்கட் போட்டிருந்தார்கள்." பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மேல் வழக்கு நிற்காது என்று பிரிவு 87 சொல்கிறது. தெருமுனைக் கடையில் கேஸ்கட் மாற்றியிருந்தால் அதை மறைக்காதீர்கள். எப்போது மாற்றினோம், என்ன பிராண்டு என்று மனுவிலேயே எழுதிவிட்டு, உடைந்தது கேஸ்கட் அல்ல, மூடியின் பூட்டுதான் என்று காட்டுங்கள். மறைத்துவிட்டுக் குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தீப்பிடித்ததற்குக் காரணம் சிலிண்டரோ ரெகுலேட்டரோ என்றால் பாதை மாறும். எண்ணெய் நிறுவனங்கள் எரிவாயு விபத்துக்கென்று தனியாகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

எங்கே, எப்போது, எவ்வளவு

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் அவர்கள்தான் வர வேண்டும். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்துத் தீர்மானிப்பதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். இந்த முறை சரியே என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே இரண்டாயிரம் ரூபாய் குக்கருக்கு நீங்கள் எவ்வளவு இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், மனுக் கட்டணமும் கிடையாது. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். நீங்களே நேரில் நின்று வாதாடலாம்.

காலக்கெடு இரண்டு வருடம். காயம் பட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு தாமதமாக வந்தது, அந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று வாதம் செய்யலாம்தான். ஆனால் வாதத்தை நம்பி ஏன் காத்திருக்க வேண்டும்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவது நல்லது, சில சமயம் கம்பெனி அதற்கே இறங்கி வரும். ஆனால் அங்கே புகார் கொடுத்துவிட்டோம் என்பதால் இரண்டு வருடக் கடிகாரம் நிற்காது.

வழக்கறிஞருக்குக் காசு இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச சட்ட உதவி உண்டு. குக்கர் வழக்குகளில் காயம் பட்டவர் பெரும்பாலும் பெண்தான். இந்த ஒரு தகவலை முடிந்தவரை எல்லோரிடமும் சொல்லுங்கள்.

தொகையை எழுதும்போது நம் பெண்கள் மிகவும் கூச்சப்படுகிறார்கள். லால்குடி அக்கா ஆஸ்பத்திரி பில்லை மட்டும் நீட்டி "இது கெடச்சா போதும்" என்றார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வைத்தேன். கட்டு மாற்றப் போய்வந்த ஆட்டோ கட்டணம், களிம்பு, துணைக்கு இருந்த மகள் இழந்த சம்பளம், கை வராத நாட்களில் சமையலுக்கு ஆள் வைத்த கூலி, இனிச் செய்ய வேண்டிய பிசியோதெரபி, வலி, தழும்பு, வெடித்ததில் நொறுங்கிய அடுப்பு. வீட்டு வேலைக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று தயங்காதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் ஒரு வாகன விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை எடுத்துக் காட்டலாம். ரசீது இல்லாத செலவையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பணம் தர முன்வந்தால்

கம்பெனிக்கு நோட்டீஸ் போனதும் அங்கிருந்து போன் வரும். குரல் மிகவும் இனிமையாக இருக்கும். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், கூடவே புதுக் குக்கரும் தருகிறோம், இந்தப் படிவத்தில் மட்டும் ஒரு கையெழுத்து." அந்தப் படிவத்தில் "முழுமையான இறுதித் தீர்வு", "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருந்தால் கையெழுத்து வேண்டாம். விலையை மட்டும் வாங்கிக்கொள்வது என்றால், "இது பொருளின் விலைக்கு மட்டும், காயத்துக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, பொருள் ஆய்வுக்காக என்னிடமே இருக்கும்" என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டு வாங்குங்கள். ஆன்லைனில் "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துவதும் கையெழுத்துதான்.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆணையத்திலேயே மத்தியஸ்தத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. காயம் ஆறி, மேற்கொண்டு அறுவை சிகிச்சை தேவையா என்று டாக்டர் சொன்ன பிறகு சமரசம் பேசுங்கள். தோல் ஒட்டு அறுவை தேவைப்படும் கைக்கு, கட்டுப் போட்ட வாரத்திலேயே விலை பேசிவிடக் கூடாது.

ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் அவர்கள் வாய்தா கேட்டால் இதைச் சொல்லி எதிர்ப்புத் தெரிவியுங்கள்.

உத்தரவு சாதகமாக வந்தால் கம்பெனி 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டினால்தான் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்வார்கள். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்குப் பிரிவு 72-இன் கீழ் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்த மனுவுக்கு உத்தரவின் சான்றிட்ட நகல், கம்பெனிக்கு நகல் போய்ச் சேர்ந்ததற்கான தபால் ரசீது, உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை குக்கரையும் வீட்டிலிருந்து வெளியே விடாதீர்கள்.